இரட்டைச் சுருளும் ஒற்றைப் பதிவும்

விஞ்ஞான நூல்களுள், நாவலைப் போலக் கீழே வைக்க மனமின்றிப் படிக்கத்தக்க ஒன்றைச் சொல்லுக என்று கேட்டால், ஆங்கிலம் கற்ற நம்மவரிற் பலர் தயக்கமின்றிச் சுட்டுவது, ஜேம்ஸ் வாட்ஸன் என்னும் அமெரிக்கர் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இரட்டைச் சுருள்’ என்னும் நூலையேயாகும். உயிர்களின் பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. என்னும் பொருளின் உருவம் 1953ஆம் ஆண்டில் எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை, கண்டவர்களுள் ஒருவரே தம் வாயாற் கூறும் நூல் அது. அளவிற் சிறியது; நடையில் எளியது; ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்து முடித்துவிடலாம். இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகளும் பட்டணத்துப் பிள்ளைகளும் பள்ளிப் பாடத்தில் இச்சுருளின் படத்தை வரைந்து பழகுகின்றனர். அதன் வரலாற்றைக் கூறும் நூல் எத்தகையது, அதில் நம்பத்தக்கது எவ்வளவு, படிப்போனை அது எவ்விடத்தில் வழுக்கி விழச் செய்கிறது என ஆராய்வது வீண் வேலையன்று.

இதனை எழுதுபவன் விஞ்ஞானியல்லன்; தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. கணக்கெழுதுவோனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வரவு என்று ஒரு தொகை எழுதப்பட்டிருப்பதைக் கண்டால், அதற்குரிய சீட்டு எங்கே என்று கேட்பான். தொகை சரியாக இருப்பது மட்டும் அவனுக்குப் போதாது. எவரிடமிருந்து வந்தது என்பதும் வேண்டும். அந்தப் பழக்கத்துடனேயே இந்நூலைப் படித்தேன்.

நூலைப் பற்றிப் பேசுமுன் பொருளைப் பற்றிச் சிறிது சொல்லுதல் முறை. டி.என்.ஏ. என்பது இரண்டு நீண்ட இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும் ஒரு கயிறு. ஒவ்வோர் இழையின் முதுகும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. சர்க்கரை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு காரப்பொருள் உட்புறமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அக்காரப்பொருள்கள் நான்கே வகை: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன். ஓரிழையின் அடினைனுக்கு எதிரே மற்றோரிழையில் தைமினே நிற்கும். குவானைனுக்கு எதிரே சைட்டோசைனே நிற்கும். முதற்சொன்ன சோடியில் ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது. அடுத்த சோடியும் அப்படியே. ஆதலின் சோடி எதுவாயினும் கயிற்றின் பருமன் ஒன்றே. அதன் அகலம் சுமார் 20 ஆங்ஸ்ட்ராம். ஒரு முழுச் சுற்றின் நீளம் 34 ஆங்ஸ்ட்ராம். ஒரு சுற்றிற் சுமார் பத்துச் சோடிகள். ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறே ஆங்ஸ்ட்ராம். இத்துணை நுண்ணிய கயிற்றில், தந்தையிடமிருந்தோ தாயிடமிருந்தோ நாம் பெறும் ஒரு தொகுதியில் மட்டும் சுமார் 320 கோடிச் சோடிகள் உள்ளன. ஓர் உயிரணுவில் இருப்பவற்றை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். இன்னும் ஒன்று: இரண்டு இழைகளும் ஒரே திசையில் ஓடுவன அல்ல, ஒன்று மேல்நோக்கி ஓடினால் மற்றது கீழ்நோக்கி ஓடும். இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதனால் ஒரு பெரிய சங்கடம் வரப்போகிறது.

பாடப்புத்தகங்கள் இதனை ‘முறுக்கிய ஏணி’ என்று வருணிக்கின்றன. உவமை கண்ணுக்கு அழகானதே. ஆயின் கருத்துக்குப் போதாது. ஏணியின் படிகள் யாவும் ஒன்றுபோல் இருப்பன. மேற்படியைக் கீழும் கீழ்ப்படியை மேலும் மாற்றி வைத்தாலும் ஏணி ஏணியே. டி.என்.ஏ.யிலோ எல்லாப் பொருளும் படிகளின் வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. எமக்குத் தோன்றும் உவமை இரட்டைப் பதிவுக் கணக்கு. அதில் பற்றுப் பக்கத்தில் ஒன்று எழுதினால் வரவுப் பக்கத்தில் அதற்கு ஈடானது இருந்தே தீரவேண்டும். ஒரு பக்கத்தைக் கரையான் அரித்துவிட்டாலும் மறுபக்கத்தைக் கொண்டு அதனை மீண்டும் எழுதிவிடலாம். டி.என்.ஏ.யின் ஓரிழை தொலைந்தாலும் மற்றதைப் பார்த்து அதனை எழுத்துக்கெழுத்து நிரப்பிவிடலாம். அந்தப் பொருளின் பெருமையே அதுதான்.

இனி நூலுக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் 23 வயது வாலிபராகக் கேம்பிரிட்ஜ் நகரின் கேவண்டிஷ் ஆராய்ச்சிசாலைக்கு வந்து சேர்கிறார் வாட்ஸன். அங்கே 35 வயதாகியும் டாக்டர் பட்டம் பெறாத பிரான்ஸிஸ் கிரிக் என்பார் ஓயாது உரத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் டி.என்.ஏ.யின் உருவத்தைக் கண்டுவிட வேண்டும் என்னும் தீராத ஆசை. லண்டனில் கிங்ஸ் கல்லூரியில் மாரிஸ் வில்கின்ஸும் ரோஸலிண்ட் பிராங்க்ளின் அம்மையாரும் அதே பொருளை எக்ஸ் கதிரால் படமெடுத்து ஆராய்கின்றனர், அவ்விருவருக்குள்ளும் ஒத்துப்போகவில்லை. கடலுக்கப்பால் கலிபோர்னியாவில் லைனஸ் பாலிங் என்னும் பெரும் பேராசிரியர் எந்த நாளிலும் விடையை வெளியிட்டுவிடலாம் என்னும் அச்சம் வேறு. இவற்றையெல்லாம் வாட்ஸன் ஒரு பந்தயக் கதையாகவே அமைத்துவிட்டார். அமைப்பில் குறை சொல்ல இடமில்லை. டென்னிஸ் ஆட்டமும் விருந்தும் குளிரும் பசியும் இடையிடையே வந்து, ஆராய்ச்சி செய்வோரும் நம்மைப் போன்ற மனிதரே என்பதை மெய்ப்பிக்கின்றன. விஞ்ஞானிகளைத் தெய்வமாக்கி எழுதும் வழக்கத்தை இந்நூல் உடைத்தது என்பது உண்மை; அதற்காக அதனைப் பாராட்டவே வேண்டும்.

தம் முட்டாள்தனத்தை அவர் மறைக்காமற் கூறும் இடங்கள் நூலின் மிகச் சிறந்த பகுதிகள். 1951ஆம் ஆண்டு நவம்பரில் பிராங்க்ளின் அம்மையார் நிகழ்த்திய சொற்பொழிவைக் கேட்கப் போகிறார், குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து, அப்பொருளில் எவ்வளவு நீர் உள்ளது என்னும் கணக்கைத் தவறாகக் கிரிக்கிடம் சொல்கிறார். அதை நம்பி இருவரும் மூன்று இழைகளைக் கொண்டு, பாஸ்பேட்டை நடுவில் வைத்து ஓர் உருவம் கட்டுகின்றனர். லண்டனிலிருந்து வந்து பார்த்த அம்மையார், பாஸ்பேட் வெளிப்புறத்தில்தான் இருக்கவேண்டும் என்று காரணங் காட்டி அதனை ஒரே நாளில் தகர்த்துவிடுகிறார். ஆராய்ச்சிசாலைத் தலைவர் பிராக் அவர்கள் இருவரையும் அவ்வேலையை விட்டுவிடச் சொல்கிறார். 1953ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாலிங்கும் அதே மூன்றிழைத் தவற்றைச் செய்து அச்சிலும் ஏற்றிவிட்டார் என்பதை அறிந்தபோது இவ்விருவரும் அடைந்த மகிழ்ச்சியை வாட்ஸன் எழுதியிருக்கும் விதம் சிரிப்பை மூட்டும். காரப்பொருள்களின் வடிவைப் பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு அவர் தடுமாறியபோது, அந்த வடிவு தவறு என்று திருத்தியவர் ஜெர்ரி டோனஹ்யூ என்னும் ரசாயன அறிஞர். அத்திருத்தம் இல்லையேல் சோடி பொருந்தியிராது. 1953ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் காலையில் அட்டையில் வெட்டிய துண்டுகளை மேசைமேல் நகர்த்திப் பார்த்தபோது சோடிகள் பொருந்தின. டோனஹ்யூவுக்குரிய வரவை வாட்ஸன் ஒழுங்காகவே எழுதியிருக்கிறார்.

நிற்க. எல்லாருக்கும் இப்படி எழுதினாரா என்பதே கேள்வி.

பிராங்க்ளின் அம்மையாரை இந்நூல் நடத்தும் விதம் மிக வருந்தத்தக்கது. நேரில் எவரும் அழைக்காத ஒரு செல்லப் பெயரை அவருக்குச் சூட்டி, அவருடைய உடையையும் முக ஒப்பனையின்மையையும் பற்றிப் பேசி, சிடுசிடுத்த குணமுடைய ஓர் உதவியாளர் தம் மேலாளருக்கு அடங்காமல் இருந்தது போன்ற தோற்றத்தை உண்டாக்கிவிடுகிறார் ஆசிரியர். உண்மையில் அவர் வில்கின்ஸின் உதவியாளராக நியமிக்கப்பட்டவரல்லர்; தமக்கெனத் தனி வேலை கொடுக்கப்பட்டு 1951ஆம் ஆண்டு ஜனவரியில் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தவர். நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை. 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், 37ஆம் வயதில், புற்றுநோயால் மாண்டுபோனார். மறுமொழி சொல்ல இயலாதவரைப் பற்றி எழுதும்போது எழுதுகோலைப் பிடிக்கும் கை சற்று நடுங்கவேண்டாமா? நூலின் முடிவில் ஒரு பின்னுரை சேர்த்து, அவரைப் பற்றித் தாம் முதலிற் கொண்ட எண்ணங்கள் பல பிழையானவை என்றும், ஒரு பெண் விஞ்ஞான உலகில் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதைத் தாம் காலந்தாழ்த்தே உணர்ந்ததாகவும் வாட்ஸன் கூறுகிறார். நூறு பக்கத்திற்கு மேல் கடன் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ‘மேற்கண்டவை சரியல்ல’ என்று குறித்தால் எந்தத் தணிக்கையாளர் ஒப்புவார்? கையெழுத்துப் பிரதியைப் படித்த கிரிக்கும் வில்கின்ஸும் வன்மையாக ஆட்சேபித்ததன் பேரில் ஹார்வர்டு சர்வகலாசாலைப் பதிப்பகம் இந்நூலைக் கைவிட்டதும், பின்னர் வேறொரு பதிப்பகம் வெளியிட்டதும் தெரிந்த செய்திகளே.

நூலிலே மிகவும் பேர்பெற்ற கட்டம் ஒன்றுண்டு. 1953ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் லண்டன் சென்ற வாட்ஸனுக்கு, வில்கின்ஸ் ஓர் எக்ஸ் கதிர்ப் படத்தைக் காட்டுகிறார். பிராங்க்ளின் அம்மையாரின் மேற்பார்வையில், அவருடைய மாணவர் ரேமண்ட் காஸ்லிங் 1952ஆம் ஆண்டு மே மாதத்தில் எடுத்த படம் அது. இன்று உலகமெங்கும் ‘51ஆம் படம்’ எனப்படுவது. பெருக்கற்குறி போன்ற அதன் கரும்புள்ளி அமைப்பைக் கண்டதும் சுருள் உருவம் சந்தேகமின்றித் தெரிந்ததாகவும், தம் நெஞ்சு படபடத்ததாகவும் வாட்ஸன் எழுதுகிறார். படிப்போர் உள்ளத்தில் இக்காட்சி ஆணி அடித்தாற்போல் பதிந்துவிடுகிறது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அம்மையாருக்கு அநீதி நிகழ்ந்தது என்று வாட்ஸனைக் கண்டிப்போரும், ‘படத்தைத் திருடினார்கள்’ என்று இதே காட்சியைத்தான் எடுத்தோதுகின்றனர். அதாவது, நூலை எதிர்ப்பவர்களும் நூலாசிரியர் கட்டிய மேடையின் மேலேயே நின்று பேசுகின்றனர். படத்தை ஒரு கணம் பார்த்தவன் அதிலிருந்து சோடிகளையும் எதிர்த்திசை ஓட்டத்தையும் அறிந்துவிட முடியுமா? முடியாது. அதைவிடப் பாரமான சீட்டு வேறொன்று உண்டு. கிங்ஸ் கல்லூரியின் வேலையைப் பற்றி 1952ஆம் ஆண்டு இறுதியில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காகத் தொகுத்த அறிக்கை அது. அதில் அம்மையாரின் அளவுகள் இருந்தன. மேக்ஸ் பெருட்ஸ் என்பார் அதனை 1953ஆம் ஆண்டு பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் நண்பர்களுக்குக் கொடுத்தார். பளிங்கின் ஒருவகைச் சமச்சீர்மை பற்றி அதிற் கண்ட ஒரு குறிப்பிலிருந்தே, இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடவேண்டும் என்று கிரிக் ஊகித்தார். வாட்ஸன் இவ்வறிக்கையை மறைத்துவிடவில்லை. அதனைக் குறிப்பிட்டே செல்கிறார். ஆனால் படத்திற்கு ஒரு நாடகக் காட்சி. அறிக்கைக்கோ போகிற போக்கில் ஒரு பேச்சு. கதைக்கு எது சுவையோ அது பெரிதாகி, கணக்குக்கு எது முக்கியமோ அது சிறுத்துவிட்டது. 2023ஆம் ஆண்டில் மேத்யூ காப், நதானியேல் கம்ஃபர்ட் என்னும் இரு அறிஞர் பழைய கடிதங்களையும் அச்சேறாத ஒரு பத்திரிகைக் கட்டுரையையும் ஆராய்ந்து, அம்மையார் ஏமாற்றப்பட்ட ஒரு பேதையல்லர், நால்வர் வேலையில் சமபங்கினர் என்று எழுதினர். அதுவே நியாயமான தீர்ப்பென்று எமக்குப் படுகிறது. அவரைப் பரிதாபத்திற்குரியவராக ஆக்குவதும் ஒருவகையில் அவருடைய அறிவைக் குறைத்துக் காட்டுவதேயாகும்.

அவர் எவ்வளவு தூரம் வந்திருந்தார் என்பதற்குச் சான்று அவருடைய குறிப்பேடுகள். 1953ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியிலேயே, இழைகள் இரண்டு என்னும் முடிவுக்கு அவர் தாமாகவே வந்திருந்தார். அவரோடு பின்னாளில் வேலை செய்த ஆரன் குளுக் என்பார் இதனை 1968ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். சோடிப் பொருத்தமும் எதிர்த்திசை ஓட்டமும் அவருக்குக் கிட்டவில்லை, அவை கேம்பிரிட்ஜாருக்குரியவை. அவரவர்க்குரியதை அவரவர்க்கு எழுதுவதுதானே கணக்கு.

1953ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளிவந்த மூலக் கட்டுரையையும் நேயர்கள் பார்க்கவேண்டும். ஒரு பக்கத்திற்குச் சற்று மிகுந்த கட்டுரை. கிரிக்கின் மனைவியார் ஓடில் அம்மையார் கையால் வரைந்த சுருள் படம் ஒன்று. அவ்வளவே. அதே இதழில் அடுத்தடுத்து வில்கின்ஸ் கூட்டத்தாரின் கட்டுரையும், பிராங்க்ளின் – காஸ்லிங் கட்டுரையும் வந்தன. மூன்றையும் வரிசையாகப் படிப்போனுக்கு, முதலிருவர் உருவத்தைத் தாமே கற்பித்தது போலவும், பின்வந்தோர் அதனை ஆமோதித்தது போலவும் தோன்றும். லண்டன் வேலையைப் பற்றிப் பொதுவாகக் கேள்வியுற்றதால் ஊக்கம் பெற்றோம் என்னும் அளவில் ஒரு நன்றிமொழி மட்டும் முதற்கட்டுரையின் கடைசியில் இருக்கிறது. அடுத்த ஆண்டு, 1954இல், ராயல் சங்கத்தாரின் வெளியீட்டில் அவ்விருவரும் எழுதிய நீண்ட கட்டுரையில்தான், லண்டன் அளவுகள் இல்லாவிடின் தங்கள் உருவம் உண்டாகியிருப்பது மிக அரிது என்னும் கருத்துப்பட ஒப்புக்கொண்டனர். சீட்டு இருக்கத்தான் இருந்தது. எவரும் புரட்டாத பேரேட்டில் ஒட்டப்பட்டிருந்தது. 1962ஆம் ஆண்டு நோபல் பரிசு கிரிக், வாட்ஸன், வில்கின்ஸ் மூவருக்கும் கொடுக்கப்பட்டது. அப்போது அம்மையார் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நூலின் இரண்டாவது குறை இதினும் பெரிது என்பது எம் அபிப்பிராயம். ஆயினும் விமர்சகர் பலர் அதனைத் தொடுவதில்லை. சுருளைக் கட்டி முடித்ததும் கதை முடிந்துவிடுகிறது. உருவத்தைக் கண்டது எதற்காக? ஓர் உயிரணு இரண்டாகும்போது தன் எழுத்துக்களை எப்படிப் பிழையின்றிப் படியெடுக்கிறது என்பதை அறிவதற்காக அன்றோ? மூலக் கட்டுரையில் அதைப் பற்றி ஒரே வாக்கியத்தில் நாசூக்காக ஒரு சாடை காட்டினர். மே மாதம் 30ஆம் நாள் வந்த இரண்டாம் கட்டுரையில் விரித்துக் கூறினர். இழைகள் பிரிய வேண்டும். பிரிந்த ஒவ்வொன்றும் அச்சாக நின்று தன் எதிரிழையைப் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும் என்பதே அவர்கள் கூற்று. ஆயின் அது அப்போது கூற்று மட்டுமே. சீட்டு வேண்டாமா?

ஆபீசில் நாம் படியெடுக்கும் முறை எப்படி? மூலம் பைலில் தங்கும். நகல் வெளியே போகும். உயிரணுவும் அப்படியே பழைய கயிற்றை முழுதாக வைத்துக்கொண்டு முழுதும் புதிதான ஒரு கயிற்றைச் செய்யலாமே என்று எண்ணினோர் உண்டு. பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்து இரண்டு கயிறுகளிலும் பரவும் என்று எண்ணினோரும் உண்டு. முறுக்கிய கயிறு அறாமல் எப்படிப் பிரியும் என்னும் ஐயம் அவர்களுக்கு. மூன்றில் எது மெய் என்று கண்டவர் மேத்யூ மெசல்ஸன், பிராங்க்ளின் ஸ்டால் என்னும் இரு இளைஞர், ஆண்டு 1958, இடம் கலிபோர்னியாவின் கால்டெக் கலாசாலை.

அவர்கள் செய்த சோதனை கணக்கனுக்கு உவப்பானது. குடலில் வாழும் ஈ. கோலி என்னும் கிருமியைச் சாதாரண நைட்ரஜனுக்குப் பதிலாகச் சற்றுக் கனமான நைட்ரஜனை ஊட்டிப் பல தலைமுறை வளர்த்தனர். அதன் டி.என்.ஏ. முழுவதும் கனமாகிவிட்டது. பின்னர் ஒரு கட்டத்தில் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினர். அந்நேரத்திற்குப் பின் செய்யப்படும் இழை எதுவும் இலேசானதாகவே இருக்கும்; பழையது எது, புதியது எது என்பதற்கு எடையே முத்திரை. அவ்வப்போது கிருமிகளை எடுத்து, அவற்றின் டி.என்.ஏ.யைச் சீசியம் குளோரைடு என்னும் உப்புக் கரைசலில் இட்டு, நிமிஷத்திற்குச் சுமார் 45,000 சுற்று வேகத்தில் ஏறத்தாழ ஒரு நாள் சுழற்றினர். அச்சுழற்சியில் உப்பு அடிப்பக்கம் அடர்ந்தும் மேற்பக்கம் ஐதாகவும் நிற்கும், டி.என்.ஏ. தன் கனத்துக்கு ஈடான இடத்திற் போய் ஒரு கோடாக நிற்கும்.

ஒரு தலைமுறை கழிந்ததும் பார்த்தனர். கனமான கோடும் இல்லை. இலேசான கோடும் இல்லை. நடுவில் ஒரே கோடு. மூலம் முழுதாகத் தங்கும் என்னும் கட்சி அக்கணமே விழுந்தது. இரண்டாந் தலைமுறையில் பார்த்தனர். பாதி நடுவில், பாதி இலேசான இடத்தில். துண்டு துண்டாகக் கலக்கும் என்பது மெய்யானால் எல்லாம் ஒரே கோடாக மேலே நகர்ந்திருக்க வேண்டும். ஆகவே அக்கட்சியும் விழுந்தது. ஒவ்வொரு புதுக் கயிற்றிலும் ஓரிழை பழையது, ஓரிழை புதியது. மூலம் என்றும் நகல் என்றும் பிரித்துச் சொல்லக்கூடிய ஒன்று அங்கே இல்லவே இல்லை. தாயின் பாதி ஒவ்வொரு பிள்ளையிலும் அப்படியே இருக்கிறது.

இதனோடு முடிந்ததா? இல்லை. முன்னர் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன எதிர்த்திசை ஓட்டம் இங்கே குறுக்கே நின்றது. 1956ஆம் ஆண்டில் ஆர்தர் கார்ன்பெர்க் என்பார், புதிய எழுத்துக்களைக் கோக்கும் நொதியைப் பிரித்தெடுத்தார். 1959இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்நொதிக்கு ஒரு பிடிவாதம்: ஒரு திசையில் மட்டுமே எழுதும். தமிழை இடமிருந்து வலமாகவும், மலாய் மொழியின் ஜாவி எழுத்தை வலமிருந்து இடமாகவும் எழுதுகிறோம். இரண்டும் எழுதத் தெரிந்தவனுக்கு இடரில்லை. இந்நொதியோ தமிழ் மட்டும் எழுதத் தெரிந்தவன் போன்றது. கயிறு ஒரு முனையிலிருந்து பிரிந்துகொண்டே போகும்போது ஓரிழையைத் தடையின்றித் தொடர்ந்து எழுதிச் செல்லலாம். மற்றோரிழையை எழுத வேண்டிய திசையோ பிரிவு செல்லும் திசைக்கு நேர்மாறானது. அதனை என் செய்வது?

விடை கண்டவர் ஜப்பானில் நகோயா சர்வகலாசாலையைச் சேர்ந்த ரேஜி ஒகஸாக்கியும் அவர் மனைவியார் ட்ஸுனேகோ அம்மையாரும். சற்று இடம் திறக்கும்வரை காத்திருந்து ஒரு சிறு துண்டு எழுதுவது. மேலும் சற்றுத் திறந்ததும் திரும்பப் போய் மற்றொரு துண்டு எழுதுவது. பின்னர் துண்டுகளை எல்லாம் வேறொரு நொதி ஒட்டிவிடுவது. கிருமிகளில் ஒரு துண்டு ஆயிரம் முதல் இரண்டாயிரம் எழுத்து வரை. நம் உடலில் நூறு முதல் இருநூறு வரை. இக்கண்டுபிடிப்பு வெளிவந்த ஆண்டு 1968. வாட்ஸனின் நூலும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. ரேஜி ஒகஸாக்கி ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945இல் அந்நகரில் அணுகுண்டு விழுந்தபோது சிறுவனாக அங்கே இருந்தவர். 1975ஆம் ஆண்டில் 44ஆம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். பந்தயமும் இல்லாமல் விருந்தும் இல்லாமல் நடந்த இவ்வேலையைப் பற்றி எவரும் நாவல் போன்ற நூல் எழுதக் காணோம்.

படியெடுக்கும் வேகத்தையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். மனித உயிரணுவில் அந்நொதி விநாடிக்குச் சுமார் 50 எழுத்து எழுதும். நம் நிறமிகளில் மிக நீண்டதில் சுமார் 25 கோடிச் சோடிகள் இருப்பதால், ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை போவதாயின் ஐம்பது நாட்களுக்கு மேலாகும். ஆதலின் பல்லாயிரம் இடங்களில் ஒரே சமயத்தில் தொடங்கிச் சுமார் எட்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறது உயிரணு. முதலில் எழுதும்போது ஏறத்தாழ ஒரு லட்சத்திற்கு ஓர் எழுத்துத் தவறும். நொதியே திரும்பிப் பார்த்து அதனை நறுக்கித் திருத்தும். அதையும் தப்பியதை வேறொரு கூட்டம் தேடிச் சரி செய்யும். கடைசியில் நிற்கும் பிழை நூறு கோடிக்கு ஒன்றளவே. எம் ஆபீசில் இத்தகைய கிராணி எவரும் இல்லை.

தப்பி நின்ற அந்தப் பிழைகளும் அற்பமல்ல. செம்பனைத் தோட்டத்து நேயர்களுக்கு டூரா, பிசிபெரா, தெனெரா என்னும் பெயர்கள் பழக்கமானவை. டூராவின் கொட்டை ஓடு தடித்தது, பிசிபெராவுக்கு ஓடில்லை, இரண்டையும் கலந்து பெற்ற தெனெராவின் ஓடு மெல்லியது, எண்ணெய் மிகுந்தது, ஆதலின் தோட்டங்களில் நடப்படுவது அதுவே. இவ்வேற்றுமைக்குக் காரணமான மரபணுவை மலேசியச் செம்பனை வாரியத்து விஞ்ஞானிகளும் ஓர் அமெரிக்க நிறுவனத்தாரும் கூடி 2013ஆம் ஆண்டு ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டனர். அம்மரபணுவில் ஓர் எழுத்து மாறினாற் போதும், ஓடு மறைந்துவிடுகிறது. எந்தக் காலத்திலோ எந்த மரத்திலோ படியெடுக்கும்போது தப்பி நின்ற ஓர் எழுத்தின் மேல் இன்று எத்தனையோ ஆயிரம் ஏக்கர் நிற்கிறது.

வாட்ஸனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமற் போவது முறையன்று. 2007ஆம் ஆண்டில் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு அளித்த பேட்டியில், ஆப்பிரிக்க மக்கள் பிறப்பிலேயே அறிவிற் குறைந்தவர் என்னும் கருத்துப்படப் பேசினார். தாம் பல்லாண்டு தலைமை வகித்த கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆராய்ச்சிசாலையிலிருந்து அதனால் விலக நேர்ந்தது. அதே கருத்தைத் தொலைக்காட்சியில் மீண்டும் கூறியதால், 2019ஆம் ஆண்டில் அந்த ஆராய்ச்சிசாலை அவருக்களித்திருந்த கௌரவப் பட்டங்களையும் பறித்துக்கொண்டது. எந்த இரண்டு மனிதரை எடுத்துக்கொண்டாலும் ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஒன்றே வேறுபடும் என்று காட்டுவது அவர் கண்ட அதே கயிறு. பிறப்பைக் கொண்டு மனிதனை எடைபோடும் கூட்டத்தாருக்கு அவர் பெயர் உதவியாயிற்று. ஆனால் அவர் கூற்றுக்குச் சீட்டு எதுவும் அவரிடம் இருக்கவில்லை. ‘இரட்டைச் சுருள்’ நூலை எழுதியவர் 1968ஆம் ஆண்டிலும் ஒரு மனிதரைப் பற்றி ஆதாரமின்றித் தீர்ப்புச் சொல்லியவரே என்பதை நினைவிற் கொண்டால், 2007ஆம் ஆண்டுப் பேச்சில் வியப்புக் குறையும். அவர் 2025ஆம் ஆண்டு நவம்பரில் தம் 97ஆம் வயதில் காலமானார்.

ஆகவே நூலைத் தள்ளிவிடச் சொல்கிறோமோ? இல்லை. படிக்கவேண்டிய நூலே, ஆயின் தனியே படிக்கத்தக்கதன்று. பிரெண்டா மேடாக்ஸ் என்பார் 2002ஆம் ஆண்டில் எழுதிய பிராங்க்ளின் அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றை அதனோடு சேர்த்துப் படிக்கவேண்டும். இதனைத் தமிழிற் கொணர முன்வரும் அன்பர் எவரேனும் இருப்பாராயின், அவருக்கு ஒரு வேண்டுகோள்: 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் இதழின் மூன்று கட்டுரைகளையும் முன்னே வைத்து, மெசல்ஸன் – ஸ்டால் சோதனையின் சுருக்கத்தையும் ஒகஸாக்கித் தம்பதிகளின் வேலையையும் பின்னே சேர்த்து வெளியிடுவாராக. மூன்று கட்டுரைகளும் சேர்ந்து சில பக்கங்களே வரும். அச்சுச் செலவு பெரிதாகாது.